மாதையன் பேரில் ஒரு மூச்சு

பெட்டி மாட்ட வந்தவன் அந்த வீட்டில் மொத்தம் பதினொரு நிமிஷம்தான் இருந்தான். அந்தப் பதினொரு நிமிஷத்தில் மாதையன் தன் வீட்டிலேயே இல்லாத ஆளாகிப் போனான்.

கிருஷ்ணகிரிக்குத் தெற்கே, ஜல்லி உடைக்கும் கிரஷர் கம்பெனி தன் ஆட்களுக்குக் கட்டிக் கொடுத்த லைன் வீடுகள். மூன்று மாடி, மாடிக்கு எட்டு வீடு. வீடென்றால் ஒரே அறை, ஒரு மூலையில் அடுப்பு மேடை, பின்னால் கக்கூஸ். சுவிட்சுகளையெல்லாம் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் வெள்ளைத் தகடு அடித்தார்கள். இனி விளக்கு, ஃபேன், தண்ணி மோட்டார் எல்லாம் வாயால் சொன்னால் போதும். மைனா கேட்டுக்கொண்டு செய்யும். மைனா என்பது அந்தப் பெட்டியின் பேர். ஒரு தேங்காய் மூடி அளவுதான் இருந்தது.

"எத்தனை ரூம்?" என்றான் மாட்ட வந்தவன், கையிலிருந்த போனைப் பார்த்தபடி.

"கண்ணால பாக்கறயே, ஒண்ணுதான்," என்றாள் மாதையனின் மனைவி தவமணி.

"அதுக்கு ஒரு பேரு குடுக்கணும். ஹாலா, பெட்ரூமா, கிச்சனா?"

"சோறும் இங்கதான், படுக்கையும் இங்கதான். நீயே ஒண்ணு வெச்சுக்க."

அவன் ஹால் என்று போட்டான். அதிலிருந்து அவள் அடுப்பு மேடை விளக்கைப் போடச் சொன்னால், "உங்கள் வீட்டில் சமையலறை இல்லை" என்று அந்தப் பெட்டி மரியாதையாகச் சொல்லும்.

"வூட்டுக்காரர் எங்கக்கா? அவர் நாப்பது வரி சொல்லணும். குரலப் பதியணும்."

"டூட்டில இருக்காரு. சாயந்திரம் வா."

"சாயந்திரமா? எனக்கு இன்னும் பதினாறு வூடு கெடக்குது."

மூலையில் குந்தி தோசை தின்றுகொண்டிருந்த முனிராசு கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். தவமணியின் தம்பி. அதே கிரஷரில் மேஸ்திரி கூட்டிவந்த தினக்கூலி ஆள். கம்பெனியின் மஸ்டர் பதிவேட்டில் அவன் பேர் கிடையாது. லைன் வீட்டில் தங்க அவனுக்கு உரிமையும் கிடையாது, ஆனாலும் தங்கியிருந்தான். "குடுண்ணா, நான் சொல்றேன். மாமா பேரக் கூப்ட்டா காலையில நான்தான தினம் குரல் குடுக்கறேன்?"

அது உண்மை. காலை ஆறு மணிக்கு கேட்டில் கிளார்க் பேர் படிப்பான். டீக்கடையில் நிற்கிறவனுக்கும், கக்கூஸ் வரிசையில் நிற்கிறவனுக்கும், பக்கத்தில் இருக்கிறவன் குரல் கொடுத்துவிடுவான். அந்த லைனில் அதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை. கூட வேலை செய்கிறவனுக்குச் செய்கிற உதவி அது.

முனிராசு பத்தாவது ஃபெயில். கணீரென்று படித்தான். இன்று வானிலை இனிமையாக உள்ளது. பூங்காவில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். நாற்பது வரியும் நிற்காமல் ஓடின. "நன்றி, மாதையன்" என்றது பெட்டி. மூவரும் சிரித்தார்கள்.

வேலை முடிந்து வந்த மாதையன், "மைனா, லைட்டப் போடு" என்றான். "மன்னிக்கவும், உங்கள் குரல் பதிவில் இல்லை." இன்னொரு தடவை சொன்னான். அதே பதில்.

"சரிதான். என் வூட்டுக்கு நானே விருந்தாளி. ஏ மாதையா, லைட்டப் போடு," என்று மச்சினனைப் பார்த்துச் சொன்னான். முனிராசு போட்டான். தவமணி சொன்னாலும் எரியும், அவள் குரலும் பதிவாகியிருந்தது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். விட்டது விட்டதுதான்.

நாலு மாதம் கழித்துத்தான் பெட்டிக்கு வேறு வேலையும் உண்டென்று தெரிந்தது. பன்னிரண்டாம் வீட்டு வேடியப்பனை ஜல்லி சலிக்கும் சல்லடையிலிருந்து எடுத்து, கேட்டில் கூட்டிப் பெருக்கப் போட்டார்கள். சம்பளம் பாதி. அவன் வந்து சத்தம் போட, சேஃப்டி ஆபீசர் எல்லோரையும் கேட்டுக்கு முன்னால் கூட்டிவைத்துச் சொன்னார்.

"இது கம்பெனி ரூல் இல்லப்பா, புதுச் சட்டம். பெட்டி கேக்கறது உங்க பேச்சை இல்ல. பேச்சுக்கு நடுவுல விடற மூச்சை. எத்தனை வார்த்தைக்கு ஒருக்கா மூச்சு வாங்கறீங்கன்னு எண்ணும். நூத்துக்கு அம்பதுக்குக் கீழ வந்தா சிவப்பு. அவரைத் தூசியில விடக்கூடாது. ரொம்ப மோசமானா வீட்டுக்கே ஆக்ஸிஜன் மெஷின் வரும். உங்க நல்லதுக்குத்தான்."

"மாதையனுக்கு எவ்ளோ சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

ஆபீசர் பார்த்தார். "தொண்ணூத்தி ஒண்ணு. இந்த லைன்லயே ஜாஸ்தி. பாத்துக் கத்துக்குங்க."

மாதையனுக்கு அப்போதே ஏணி ஏறினால் இரைத்தது. பதினெட்டு வருஷம் சல்லடைக்குக் கீழே நின்றவன். ஆனால் பச்சையில் இருக்கிறவனுக்குச் சம்பளம் முழுசு. அவன் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து மச்சினன் முதுகில் தட்டி, "உன் மூச்சுல நான் பொழைக்கறேன் மாப்ள," என்றான். அன்றைக்குக் கறி எடுத்துச் சமைத்தார்கள்.

இரண்டே முக்கால் வருஷம் அப்படி ஓடியது.

அப்புறம் ஒரு நாள் மாதையன் ஜல்லி ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் எழவில்லை. பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். ரெண்டு நுரையீரலிலும் கல்லுத் தூள் படிந்து இறுகியிருந்தது. "இதுக்கு மருந்து கிடையாதும்மா. வீட்ல ஆக்ஸிஜன் வெச்சா கொஞ்ச வருஷம் இருப்பாரு. இல்லன்னா மழைக்காலம் தாண்டறது கஷ்டம். கம்பெனிக்கு எழுதித் தரேன், அவங்க குடுக்கணும்."

தவமணி அந்தக் கடுதாசியைக் கொண்டுபோய் சேஃப்டி ஆபீசர் மேஜையில் வைத்தாள். அவர் திரையில் மாதையன் பேரைத் தட்டினார். பச்சை.

"நல்லாத்தானம்மா இருக்காரு."

"டாக்டரு எழுதியிருக்காங்களே சார்."

"டாக்டர் ஒரு நாள் பாத்தாங்க. பெட்டி மூணு வருஷமாக் கேட்டுக்கிட்டிருக்கு. மெஷின் பத்துதான் இருக்கு, வரிசையில பதினாலு வீடு நிக்குது. சிவப்பு வராத வீட்டுக்கு நான் எப்படிம்மா குடுக்கறது?"

பெட்டியில் கோளாறு இருக்கலாம், ஆளை அனுப்புகிறேன் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் நஸ்ரீன் வந்தாள். முப்பது வயசிருக்கும். கம்பெனி கோட்டு, தலையில் முக்காடு, தோளில் டூல்ஸ் பை. பெட்டியைக் கழற்றிப் பார்த்தாள், கோளாறு ஒன்றும் இல்லை. மாதையன் கட்டிலில் தலையணை மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு வரவில்லை, அதனால் உட்கார்ந்தே தூங்கினான். அவனைப் பார்த்தாள், கையிலிருந்த திரையில் பச்சையைப் பார்த்தாள், கதவோரம் நின்ற முனிராசுவைப் பார்த்தாள்.

"அண்ணன் யாரு?"

"என் தம்பி. சும்மா பாக்க வந்தான்," என்றாள் தவமணி.

"மூணு வருஷமாவா?"

நஸ்ரீன் பையைக் கீழே வைத்தாள். "நான் கேக்கலன்னு வெச்சுக்கங்க. அக்கா, வேற ஆள் குரல்னு நான் எழுதினா அது மோசடி. வீட்டைக் காலி பண்ணச் சொல்வாங்க, மெஷினும் கிடைக்காது. ஆனா தொண்டை ஆபரேஷன் ஆனவங்களுக்குன்னு ஒரு வழி இருக்கு. குரல் மாறிப்போச்சுன்னு போட்டுப் புதுசாப் பதியலாம். நாப்பது வரி. அதை அவரே சொல்லணும்."

"சொல்வாரு," என்றாள் தவமணி.

மாதையனுக்குப் படிக்கத் தெரியாது. மைனா சொல்லச் சொல்ல அவன் திருப்பிச் சொன்னான். ஒவ்வொரு வரியையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். நடுவில் நின்றால், "மீண்டும் ஒருமுறை சொல்லுங்கள்." முதல் வரிக்கு மூன்று தடவை. நாலாவது வரிக்கு ஏழு தடவை. ஒன்பதாவது வரியில் மலைகளின் மேல் மேகங்கள் மெல்ல நகர்கின்றன என்று வந்தது. மேகங்கள் வரைக்கும் போய் நின்றான். உதடு நீலமாகிவிட்டது. கழுத்துக் குழி உள்ளே உள்ளே போய் வந்தது. "மீண்டும் ஒருமுறை சொல்லுங்கள்," என்றது பெட்டி, அதே மரியாதையோடு.

"போதும், நிறுத்துங்க," என்று நஸ்ரீன்தான் அணைத்தாள்.

"ஏம்மா," என்றான் முனிராசு, "மூச்சு இல்லன்னு சொல்றதுக்கே மூச்சு வேணுமா? எந்த மவராசன் செஞ்ச பெட்டிம்மா இது?"

"பண்ணினவங்க யாருக்கும் மூச்சு வாங்கலைண்ணா," என்றாள் நஸ்ரீன். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயந்திரம் முனிராசுதான் அதைச் சொன்னான். "அக்கா, பெட்டிக்கு மாமா யாரு? நானு. அப்ப எனக்கு நோவு வந்தா மாமாவுக்கு வந்த மாதிரிதான? நான் இரைக்கறேன் பாரு."

மறுநாளிலிருந்து ஆரம்பித்தான். வேலை முடிந்து வந்து, மூன்று மாடியும் நாலு தடவை ஏறி இறங்கி, கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "மைனா... ஃபேனை... போடு..." என்பான்.

"நீங்கள் இப்போதுதான் உடற்பயிற்சி செய்திருக்கிறீர்கள். வாழ்த்துகள்," என்றது பெட்டி.

மாதையனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், தவமணி முதுகைத் தேய்த்துத் தேய்த்து அடக்க வேண்டியதாயிற்று. "நீ சாகறதுக்கு... முன்னாடி... என்னச் சாகடிச்சிருவ போல... மாப்ள," என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மாடிப்படியில் ஓடுகிறவனைப் பார்த்து எதிர்வீட்டுப் பாப்பாத்தி, "என்னடா முனிராசு, போலீசு வேலைக்குப் போறியா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா. மொதல்ல உன் வூட்டுக்காரரத்தான் புடிக்கறது."

மிளகாயைத் தணலில் போட்டு முகர்ந்து பார்த்தான். துண்டை மார்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பேசினான். வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசினான். தவமணி பக்கத்தில் நின்று, "இப்ப நல்லாருந்துச்சு, இன்னும் கொஞ்சம் இழு," என்று சொல்லிக் கொடுத்தாள். மாதையன் கட்டிலிலிருந்து தலையை ஆட்டுவான், இல்லை என்பான், எங்கே மூச்சு உடையும் என்று தன் நெஞ்சில் கைவைத்துக் காட்டுவான். அந்த வீட்டில் அந்த ஒரு மணி நேரம்தான் கொஞ்சம் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. மற்ற நேரமெல்லாம் அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஐந்து வாரம் போயிற்று. மழை ஆரம்பித்துவிட்டது. மாதையன் சோற்றை மென்று விழுங்குகிற நேரத்துக்குக்கூட மூச்சு போதாமல், கஞ்சிக்கு வந்துவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முனிராசு குளித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டியபடி, "மைனா, மோட்டார நிறுத்து, தொட்டி ரொம்பிடுச்சு," என்றான்.

மோட்டார் நின்றது. பெட்டியின் தலையில் சிவப்பு விளக்கு எரிந்தது. "மாதையன் அவர்களே, உங்கள் மூச்சு அளவு நாற்பத்தெட்டு. உங்கள் நிறுவனத்துக்குத் தகவல் அனுப்பப்பட்டுள்ளது. ஆக்ஸிஜன் கருவிக்கு முன்னுரிமை கோரப்பட்டுள்ளது."

முனிராசு துண்டை உயரே வீசினான். "மாமா! பாஸாயிட்டேன் மாமா! பத்தாவது ஃபெயிலு, இதுல பாஸு!" தவமணி கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். மாதையன் கையை நீட்டி மச்சினன் தலையைத் தொட்டான். பேசவில்லை. பேசினால் செலவு.

புதன்கிழமை மெஷின் வந்தது. நஸ்ரீனும் இன்னொருத்தனும் தூக்கிவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். குழாயை மூக்கில் மாட்டி, மைனாவோடு சேர்த்து ஓட விட்டாள். அரைமணி நேரத்தில் மாதையன் உதட்டில் நிறம் வந்தது. மல்லாந்து படுத்தான். ரெண்டு மாதத்தில் முதல் தடவையாகப் படுத்த மேனிக்குத் தூங்கினான். தவமணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்," என்றான் முனிராசு. "தளிப் பக்கம் ரோஜாப்பூ வளக்கற கொட்டாய்ல ஆள் கேக்கறாங்க. நம்ம ஊரு நஞ்சப்பன் அங்கதான் இருக்கான். தங்கறதுக்கும் எடம் தராங்க. மாமாவ இப்படி வுட்டுட்டு எப்படிப் போறதுன்னு சொல்லாம இருந்தேன். இப்பத்தான் மெஷின் வந்துடுச்சே. ஒண்ணாந்தேதி போயிடறேன். ஈரக் காத்து, பூ, நெழலு. ஒரு தூசு கெடயாதாம்." சொல்லிவிட்டு மாதையனுக்கு வெந்நீர் வாங்க டீக்கடைக்குக் கீழே இறங்கினான்.

நஸ்ரீன் தவமணியை நடைக்குக் கூப்பிட்டாள். கூட வந்தவன் அதற்குள் வண்டிக்குப் போயிருந்தான்.

"அக்கா, உங்க தம்பி பாவம், சந்தோஷமா இருக்காரு. அவர்கிட்ட சொல்ல எனக்கு மனசு வரல. இதப் பாருங்க." கையிலிருந்த திரையைக் காட்டினாள். கோடு ஒன்று மேலிருந்து கீழே மெதுவாகச் சரிந்து வந்தது. அதன் கடைசியில் மட்டும் சாம்பல் நிறத்தில் புள்ளிகள். "இந்தப் புள்ளியெல்லாம் அவர் ஓடி ஆடி நடிச்சது. பெட்டி ஒண்ணையும் கணக்குல எடுக்கல, தள்ளிடுச்சு. சாதாரணமாப் பேசினத மட்டும்தான் எடுத்திருக்கு. லைட்டப் போடு, மோட்டார நிறுத்து. அந்த மாதிரி."

தவமணிக்கு விளங்கவில்லை. "அப்ப எப்படி சிவப்பு வந்துச்சு?"

"கோடு எங்கருந்து சரியுது பாருங்க. பதினாலு மாசம் முன்னாடிலருந்து. அப்பல்லாம் அவரு நடிக்கல இல்லக்கா?"

தவமணி கோட்டைப் பார்த்தாள். பதினாலு மாசத்துக்கு முன்னால் மேஸ்திரி அவனைச் சல்லடைக்குக் கீழே மாற்றியிருந்தான். இருமல் இருந்தது. லைனில் இருமாத ஆள் யார்?

"சின்ன வயசுக்காரங்களுக்கு நெஞ்சு ஈடு கொடுத்துக்கிட்டே இருக்கும், வெளிய தெரியாது," என்றாள் நஸ்ரீன். "அந்தப் பூ வேலைக்கு அனுப்புங்க. இன்னைக்கே அனுப்புங்க. போனது திரும்பாது, ஆனா மெதுவாகும். இங்க வேலையை விட்டுட்டுச் சும்மா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல, இந்த லைன்ல அடிக்கற காத்தே தூசிதான்."

"சரிம்மா."

நஸ்ரீன் போகவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "இன்னொண்ணும் சொல்லியாகணும். மெஷின் பெட்டியோட சேந்தது. தினம் சாயந்திரம் ஆறு மணிக்கு மைனா எப்படி இருக்கீங்கன்னு கேக்கும். மாதையன் குரல்ல பதில் வரணும். ஏழு நாள் வரலன்னா வீட்ல ஆள் இல்லன்னு மெஷினை நிறுத்தி அடுத்த வீட்டுக்குக் குடுத்துடுவாங்க. அளவு அம்பதுக்கு மேல ஏறினாலும் அப்படித்தான்."

"போன்ல சொன்னா ஆவாதா? ரெக்கார்ட் பண்ணி வெச்சா?"

"ஆகாதுக்கா. நேர்ல பேசற குரல் எது, மெஷின்ல வர குரல் எதுன்னு அதுக்குத் தெரியும். நான் வேற யார்கிட்டயும் சொல்லல. நீங்கதான் முடிவு பண்ணணும்." அவள் படியிறங்கிப் போனாள்.

தவமணி நடையிலேயே நின்றாள். கீழே டீக்கடையில் முனிராசு யாருக்கோ கையை வீசி வீசிக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். மெஷின் வந்த கதையாக இருக்கும். பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தான். முதல் மாடித் திருப்பத்தில் ஒரு தடவை நின்றான். இரண்டாவதில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். இத்தனை நாளும் நின்றுதான் வந்திருப்பான் போலிருக்கிறது. அவள் பார்த்ததில்லை, அல்லது நடிப்புக்குத் தயார் ஆகிறான் என்று நினைத்திருந்தாள்.

உள்ளே போய்ப் பரணிலிருந்து அவன் பையை இறக்கினாள். இரண்டு சட்டை, ஒரு லுங்கி மடித்து வைத்தாள். மாதையன் மல்லாந்து, வாயை லேசாகத் திறந்து, குழந்தை மாதிரித் தூங்கினான். மெஷின் ஒரே சீராக உறுமியது.

"என்னக்கா, இப்பவே தொரத்தற?" என்றான் முனிராசு, வாசலில் நின்று.

தவமணி பையைப் பார்த்தாள். "தொவைக்க எடுத்தேன்டா."

"ஓ."

"ராசு, அந்தப் பூ வேலை..."

"ம்?"

அவள் லுங்கியை உதறி மறுபடி மடித்தாள். ஓரம் சேரவில்லை, மறுபடி உதறினாள். "அடுத்த மாசம் போயேன். மெஷின் புதுசு, எனக்குப் பயமா இருக்குது. ஒரு மாசம் கூட இரு."

"அதுக்கென்ன," என்றான் அவன். "நஞ்சப்பன்கிட்ட சொல்லிக்கறேன். பூ எங்க ஓடிடப் போவுது?"

வெந்நீரை ஆற்றி வைத்துவிட்டு, முகம் கழுவப் பின்னால் போனான். இருமினான். துப்பினான். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

ஆறு மணிக்கு மைனா விழித்தது. "மாதையன் அவர்களே, இன்று எப்படி இருக்கிறீர்கள்?"

கட்டிலில் கிடந்தவன் கண்ணைத் திறந்து, தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று பதில் சொல்ல வாயெடுத்தான். தவமணி அவன் உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

"ராசு, பெட்டி கேக்குது. வந்து பேசிட்டுப் போ."

முனிராசு ஈர முகத்தோடு வந்து நின்றான். "என்ன சொல்லணும்?"

"எப்படி இருக்கன்னு கேக்குது. நடிக்கல்லாம் வேணாம். சும்மா சொல்லு."

அவன் அக்காவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பெட்டியின் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தான். நன்றாக இருப்பதாகவும், மத்தியானம் ரசம் சாப்பிட்டதாகவும், மழை விட்டிருப்பதாகவும் சொன்னான். தவமணி அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, எங்கே மூச்சு உடையும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ரசம் தாண்டியது. மழையும் தாண்டிவிடும் போலிருந்தது. அவள் மெஷினைத் திரும்பிப் பார்த்தாள். மழைக்கும் விட்டதுக்கும் நடுவில் அவன் நின்றான், தோள் ஏறி இறங்கியது, மூச்சை இழுத்தான்.

"நன்றி," என்றது பெட்டி. மெஷின் நிற்காமல் ஓடியது.

அவளுக்கு நிம்மதியாக இருந்தது.